பனி இறங்குகிற பாதை

ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் வெள்ளனாகப் பெரட்டுக்குப் போகிறவர்கள் இதைப் பார்த்திருப்பீர்கள். மேல் மலையில் நின்றால் வானம் துடைத்து விட்ட மாதிரி இருக்கும். கீழே பள்ளத்தில் மட்டும் பால் ஊற்றி வைத்தது போல வெள்ளையாக மூட்டம் நிறைந்து கிடக்கும். அதன் மேற்பரப்பு குளத்துத் தண்ணீர் மாதிரி மட்டமாக இருக்கும். பணிய லயத்துக் கூரைகள் அதற்குள் முங்கிப் போய், உயர்ந்த மரங்களின் தலை மட்டும் தெரியும். எட்டு, ஒன்பது மணிக்கு வெயில் ஏறியதும் மெல்லக் கலையும்.

"பள்ளம்னா பனி தங்கத்தானே செய்யும், இதுல என்ன அதிசயம்?" என்று கேட்பீர்கள். சரிதான். ஆனால் அது ஏன் தங்குகிறது, எந்த வழியாக வந்து தங்குகிறது என்று தெரிந்துகொண்டால் வேறு பல விஷயங்கள் புரியும். பள்ளத்துக்கு இறங்கி வருவது பனி மட்டுமல்ல. அடுப்புப் புகையும், புல்லுக்கு அடிக்கிற மருந்தும் அங்கேதான் தங்குகின்றன. அடைமழைக் காலத்தில் உயிரைக் கொண்டு போகிற சேறும் ஏறக்குறைய அதே பாதையில்தான் வருகிறது.

உப்புப் போட்ட சாயம்

முதலில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். நீளமான தட்டு அல்லது பேசின் ஒன்றை எடுத்து, ஒரு பக்கத்துக்குக் கீழே ஒரு கல்லை வைத்துச் சரிவாக்குங்கள். மேட்டுப் பக்கத்திலும் ஒரு விரல் அளவு தண்ணீர் நிற்கும்படி நிரப்புங்கள். ஒரு கிளாஸில் நல்ல கறுப்புச் சாயம் ஊற்றி, இரண்டு கரண்டி உப்பைக் கரைத்து, நன்றாக ஆற விடுங்கள். பிறகு மேட்டுப் பக்கத்து ஓரமாக அந்தச் சாயத்தைக் கரண்டியால் மெதுவாக விடுங்கள்.

சாயம் தண்ணீரோடு உடனே கலந்துவிடாது. அடிக்குப் போய், தட்டின் தரையைத் தொட்டபடியே சரிவில் இறங்கி ஓடும். ஆழமான பக்கத்தில் போய்ப் படுத்துக்கொள்ளும். மேலே தெளிந்த தண்ணீர், கீழே கறுப்புத் தண்ணீர் என்று இரண்டு படையாக நிற்கும். வழியில் ஒரு கல்லை வைத்தால் சுற்றிக்கொண்டு போகும். குறுக்கே ஒரு குச்சியை வைத்தால் அதற்குப் பின்னால் தேங்கி, நிறைந்த பிறகு வழிந்து போகும்.

ஏன் அப்படி? உப்புத் தண்ணீர் கொஞ்சம் பாரம் கூட. பாரமானது அடிக்குப் போகும், லேசானது மேலே நிற்கும். பாரமானது சரிவைக் கண்டால் இறங்கும், பள்ளத்தைக் கண்டால் தங்கும். இனிமேல் சொல்லப்போவது எல்லாம் இந்தச் சாயத்தின் கதைதான். சாயத்துக்குப் பதிலாக வேறு வேறு பொருள் வரும், அவ்வளவுதான்.

இராத்திரியில் மலையில் நடப்பது

காற்றுக்கும் பாரம் இருக்கிறது. ஒரு மீற்றர் நீளம், அகலம், உயரம் உள்ள ஒரு பெட்டியில் அடங்குகிற காற்று நம்முடைய மலைகளில் ஏறக்குறைய ஒரு கிலோ இருக்கும். அதே காற்று பத்துப் பாகை குளிர்ந்தால் பெட்டிக்கு 30, 40 கிராம் பாரம் கூடிவிடும். கேட்கச் சின்னக் கணக்குத்தான். ஆனால் ஒரு மலைச்சரிவு முழுவதும் இப்படிப் பாரம் கூடினால் அது நகரத் தொடங்கிவிடும்.

மேகம் இல்லாத இரவில் நிலம் பகலில் வாங்கிய சூட்டை வானத்துக்கு விட்டுவிடுகிறது. மேகம் இருந்தால் அது கம்பளி மாதிரி மூடிப் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் மூட்டமான இரவில் குளிர் குறைவு. வானம் தெளிந்திருந்தால் தரை சில்லென்று ஆகி, தரையைத் தொட்டுக்கொண்டிருக்கிற காற்றும் குளிர்ந்து பாரமாகிறது. பிறகு சாயம் செய்த வேலையை அது செய்கிறது. தேயிலைச் செடிகளுக்கு இடையிலும், ரோட்டு ஓரத்திலும், கான் வழியாகவும், ஓடை வழியாகவும் கீழே இறங்குகிறது. ஆள் நடக்கிற வேகம்தான் இருக்கும், அதைவிடவும் மெதுவாகப் போகலாம். சாயங்காலம் ஓடைக் கரையில் நின்றால், காற்றே அடிக்காத நாளிலும் கணுக்காலில் சில்லென்று ஒன்று ஊர்ந்து போவது போலத் தெரியும். அதுதாங்க இது.

விடிய விடிய இறங்குகிற குளிர்காற்று பள்ளத்தில் நிரம்புகிறது. அதில் உள்ள ஈரம்தான் குளிர்ந்து மூட்டமாகத் தெரிகிறது. ஆக, நாம் பார்க்கிற வெள்ளை மூட்டம் குளிர்காற்றுக் குளத்தின் அடையாளம். காற்று கண்ணுக்குத் தெரியாது. மூட்டம்தான் அதைக் காட்டிக் கொடுக்கிறது.

சாதாரணமாக மேலே போகப் போகக் குளிர் கூடும். ஆயிரம் மீற்றர் ஏறினால் ஆறு, ஏழு பாகை குறையும் என்பது பொதுவான கணக்கு. கண்டி நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 500 மீற்றர் உயரம், நுவரெலியா ஏறக்குறைய 1,870 மீற்றர். அதனால்தான் அங்கே போனால் போர்வை தேடுகிறோம். ஆனால் தெளிந்த இரவில் ஒரே தோட்டத்துக்குள் இந்தக் கணக்குத் தலைகீழாகிவிடும். பள்ளத்து லயத்தில் குளிர் அதிகமாகவும், நூறு மீற்றர் மேலே உள்ள லயத்தில் குறைவாகவும் இருக்கும். பாரமான குளிர்காற்று அடியில், லேசான சூட்டுக் காற்று மேலே. அந்த மேல்படை ஒரு மூடி மாதிரி. சட்டிக்கு மூடி போட்டது போல, கீழே இருப்பதை மேலே போக விடாது.

நுவரெலியாப் பக்கம் உறைபனி விழுந்து கொழுந்து கருகுவதும் இந்தக் கணக்குப்படிதான். ஒரே மலையில் மேட்டுத் தேயிலை பச்சையாக நிற்கும், ஓடைப்பக்கத்துத் தேயிலை நெருப்புப் பட்டது போலக் கருகி இருக்கும். ஹோர்ட்டன் சமவெளியில் அதிகாலையில் பள்ளத்துப் புல்தரையில் உறைபனி வெள்ளையாக இருக்கும்போது, சுற்றியுள்ள சரிவுக் காட்டில் அது இருக்காது. கண்டிப் பக்கத்துத் தோட்டங்கள் உயரம் குறைவானதால் நமக்கு உறைபனிப் பயம் அவ்வளவாக இல்லை. ஆனாலும் நாற்று நர்சரி போடும்போதும், வீட்டுத் தோட்டத்தில் போஞ்சி, தக்காளி வைக்கும்போதும், பள்ளத்தின் கடைசி அடியை விட்டுச் சற்று மேலே வைப்பது நல்லது. பள்ளத்தில் ஈரமும் குளிரும் நேரம் கூடத் தங்கும், இலை காய நேரமாகும், பூஞ்சை நோய் சீக்கிரம் பிடிக்கும். பாத்திக்குக் கீழ்ப்பக்கம் அடர்த்தியான வேலி இருந்தால் அதில் ஓர் இடைவெளி விடுங்கள். குறுக்கே வைத்த குச்சி சாயத்தைத் தேக்கியது ஞாபகம் இருக்கிறதல்லவா? வேலியும் குளிர்காற்றை அப்படித்தான் தேக்கும்.

மூடிக்குக் கீழே புகை

இதில் நமக்கு ரொம்ப முக்கியமான விஷயம் இதுதான். பின்னேரம் வேலை விட்டு வந்ததும் எல்லாக் காம்பராவிலும் ஒரே நேரத்தில் அடுப்புப் பற்ற வைக்கிறோம். சரியாக அதே நேரத்தில்தான் மூடி விழத் தொடங்குகிறது.

அடுப்பிலிருந்து வருகிற புகை சூடாக இருப்பதால் முதலில் மேலே போகும். போகப் போக ஆறும். மேல்படையைத் தொட்டதும், அங்கே உள்ள காற்று தன்னைவிட லேசாக இருப்பதால், அதற்கு மேலே ஏற முடியாது. அந்த இடத்தில் பாய் விரித்தது போலப் படுத்துவிடும். லயத்துக் கூரைகளுக்குக் கொஞ்சம் மேலே நீலமாக, மட்டமாக ஒரு கோடு போட்டது மாதிரி புகை நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கோடுதான் மூடி. விடிகாலையில் திரும்பவும் அடுப்புப் பற்ற வைக்கும்போது நேற்றைய புகையோடு இன்றைய புகையும் சேரும்.

இந்தப் புகையை முதலில் வாங்குவது அடுப்படியில் நிற்கிற தாய்மாரும், அவர்களுடைய இடுப்பில் இருக்கிற பிள்ளைகளும், காம்பராவுக்குள்ளேயே இருக்கிற வயசானவர்களும்தான். விறகுப் புகை பிள்ளைகளுக்கு நெஞ்சுச் சளிக் காய்ச்சலையும், பெரியவர்களுக்கு நாள்பட்ட இருமல், மூச்சிழுப்பையும் கொடுக்கும் என்பது மருத்துவம் உறுதியாகச் சொல்கிற விஷயம். "பனிதான் ஒத்துக்கல" என்கிறோம். பல வீடுகளில் பனியைவிட, பனிக்குள் மாட்டிக்கொண்ட புகைதான் காரணம்.

மூடியை நாம் எடுக்க முடியாது. அதற்குக் கீழே போடுகிற புகையைக் குறைக்கலாம். நனைந்த விறகு எரிந்தால் புகை பல மடங்கு. ஆகவே மழைக்காலத்துக்கு முன்பே விறகை வெட்டி, கூரைக்கு அடியில் அடுக்கிக் காய வைப்பது மருந்து வாங்குவதைவிட மலிவு. புகைபோக்கி உள்ள அடுப்பாக இருந்தால், அதன் வாய் கூரை முகட்டுக்கு மேலே இருக்க வேண்டும். சுவரில் ஓட்டை போட்டு வெளியே விட்டால் அந்தப் புகை பக்கத்துக் காம்பரா ஜன்னலுக்குத்தான் போகும். குப்பை, பொலித்தீன் எரிப்பது கூடவே கூடாது. காய்ந்த இலை தழையை எரித்தே ஆக வேண்டுமென்றால் பகல் பதினொரு மணிக்கும் மூன்று மணிக்கும் நடுவில் எரியுங்கள். அப்போது தரை சூடாக இருக்கும், காற்று மேலே ஏறும், மூடி இருக்காது. பின்னேரம் ஆறு மணிக்குக் குப்பைக்கு நெருப்பு வைப்பவர் தெரியாமலேயே முழு லயத்துக்கும் புகை போடுகிறார்.

குளிருக்காக இரவில் கரிச்சட்டியைக் காம்பராவுக்குள் வைத்துக் கதவை மூடுவது பெரிய ஆபத்து. அந்த விஷவாயுவுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. அது அடியிலும் தங்காது, மேலேயும் போகாது, காம்பரா முழுக்கக் கலந்து நிற்கும். தூக்கத்திலேயே உயிர் போகும்.

இன்னொன்று, களைக்கும் பூச்சிக்கும் அடிக்கிற மருந்து. காற்று அசையாத விடிகாலைதான் தெளிக்க நல்ல நேரம் என்று பலர் நினைக்கிறார்கள். மூட்டம் பள்ளத்தில் கிடக்கிற நேரம் அதற்கு மிகவும் கெட்ட நேரம். டேங்கிலிருந்து வருகிற பெரிய துளிகள் இலையில் விழும். ரொம்ப நுண்ணிய துளிகள் விழாமல் மிதக்கும். குளிர்காற்று அவற்றைச் சரிவு வழியாக அப்படியே கீழே கொண்டுபோகும். கீழே இருப்பது என்ன? பீலி, லயம், புள்ளக் காம்பரா. வெயில் ஏறி, மூட்டம் கலைந்து, இலை லேசாக அசைகிற அளவுக்குக் காற்று வந்த பிறகு தெளித்தால் இந்தக் கஷ்டம் இல்லை. மருந்து அடிக்கிற தம்பிமார் கணக்கப்பிள்ளையிடம் இதைத் தாராளமாகச் சொல்லலாம்.

காஸ் அடுப்புக்கு மாறியிருக்கிற வீடுகளுக்கும் ஒரு வார்த்தை. சமையல் காஸ் காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு பாரமானது. கசிந்தால் தரையில் படர்ந்து, வாசற்படி இருந்தால் படி இறங்கி, தாழ்வான மூலையில் தேங்கும், நம் சாயத்தைப் போலவே. 2021ஆம் ஆண்டு நவம்பர், டிசம்பரில் நாட்டின் பல இடங்களில் காஸ் வெடிப்புகள் நடந்தது நினைவிருக்கும். காஸ் வாடை வந்தால் லைட் சுவிட்சைத் தொடாதீர்கள், மேல் ஜன்னலைவிடக் கதவைத் திறப்பதுதான் முக்கியம். கதவின் அடிப்பக்கம் வழியாகத்தான் அது வெளியே போகும். விறகு அடுப்பையும் காஸ் சிலிண்டரையும் ஒரே மூலையில் வைத்திருக்கிறவர்கள் இன்றைக்கே ஒன்றை மாற்றுங்கள்.

கண்டி டவுனும் ஒரு சட்டிதான்

லயத்துக்கு நடப்பது டவுனுக்கும் நடக்கிறது. ஹந்தானை மலை ஒரு பக்கம், உடவத்தகெலே காடு ஒரு பக்கம், பஹிரவகந்த ஒரு பக்கம். நடுவில் வாவியும் தலதா மாளிகையும் கடைத்தெருவும். பெரிய ஆஸ்பத்திரிக்கு வெள்ளனாகப் போகிறவர்கள் பஸ்ஸை விட்டு இறங்கியதும் கண் எரிவதை உணர்ந்திருப்பீர்கள். எத்தனையோ பஸ்ஸும் வேனும் திரீவீலரும் காலையில் ஒரே நேரத்தில் அந்தச் சட்டிக்குள் புகை விடுகின்றன, மூடியோ இன்னும் திறக்கவில்லை. கொழும்பில் வாகனம் இன்னும் அதிகம். ஆனால் கொழும்பு திறந்த வெளி, கடற்காற்று அள்ளிக்கொண்டு போகும். கண்டிக்கு அந்த வசதி கிடையாது. மூச்சுக் கஷ்டம் உள்ளவர்களைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போகிறவர்கள், முடிந்தால் வாயையும் மூக்கையும் மூடிக்கொள்ளச் சொல்லுங்கள். பஸ் நிலையத்தில் நேரம் கழிக்காதீர்கள்.

ஜூன், ஜூலையில் இந்த மூட்டமும் புகையும் ஏன் குறைகிறது? தென்மேற்குக் காற்று மலைகளுக்கு மேலால் பலமாக அடித்து, பள்ளத்துக் குளிர்காற்றைக் கலக்கி எடுத்துவிடுகிறது. அந்தக் காற்று கினிகத்தேனை, வட்டவளைப் பக்கம் ஏறும்போது மழையைக் கொட்டிவிட்டு, மலை முகட்டைத் தாண்டி ஊவாப் பக்கம் அணையில் வழிகிற தண்ணீர் மாதிரி இறங்குகிறது. இறங்க இறங்கச் சூடாகிக் காய்ந்து போகிறது. மட்டக்களப்புச் சனங்கள் கச்சான் காற்று என்று சொல்வது இதைத்தான். ஊவாத் தேயிலைக்கு அந்த மாதங்களில் தனி வாசம் வருவதற்கும் இந்தக் காய்ந்த காற்றே காரணம்.

தண்ணீருக்குள் ஓடுகிற தண்ணீர்

இனிச் சாயத்துக்குப் பதிலாகச் சேற்றை வைத்துப் பார்ப்போம். அடைமழையில் நம் மலையிலிருந்து கான் வழியாக இறங்குகிற தண்ணீர் செம்மண் கரைந்து சிவப்பாக இருக்கும். ஒரு லீற்றரில் பத்துக் கிராம் மண் கரைந்திருந்தால், அந்த லீற்றர் தெளிந்த தண்ணீரைவிட ஆறு கிராம் பாரம் கூட. அந்தத் தண்ணீர் ஓடையில் சேர்ந்து, மகாவலியில் விழுந்து, பொல்கொல்ல அணைக்கும் அங்கிருந்து விக்டோரியா நீர்த்தேக்கத்துக்கும் போகிறது. தேக்கத்தின் தெளிந்த தண்ணீரைச் சந்தித்ததும் பாரமான சேற்றுத் தண்ணீர் மேலால் போகாமல் அடியில் முங்கி, பழைய ஆற்றுப் பள்ளத்தைத் தொட்டபடியே அணையை நோக்கி ஊர்ந்து போகும். மேலே பார்த்தால் நீர்த்தேக்கம் நீலமாக, அமைதியாக இருக்கும். அடியில் ஓர் ஆறு ஓடிக்கொண்டிருக்கும்.

இது கதையல்ல. சுவிட்சர்லாந்தில் ரோன் ஆறு ஜெனீவா ஏரிக்குள் இப்படி முங்கிப் போவதை ஃபோரெல் என்ற விஞ்ஞானி 1880களிலேயே கவனித்து எழுதினார். அமெரிக்காவில் ஹூவர் அணை கட்டி, 1935இல் தண்ணீர் நிறைந்துகொண்டிருந்தபோது, ஏரியின் மேல்தண்ணீர் தெளிவாக இருக்க, அணையின் மதகு வழியாகச் சேறு வந்தது. ஏரியின் அந்தக் கோடியில் விழுந்த ஆற்றுச்சேறு அடியாலேயே அவ்வளவு தூரம் ஊர்ந்து வந்திருந்தது.

1976இல் திறந்த பொல்கொல்ல அணைக்குப் பின்னால் வண்டல் சீக்கிரமே சேர்ந்தது. ஊவா மலைகளின் மண்ணை உமா ஓயா கொண்டுவந்து ரந்தம்பேயில் கொட்டுகிறது. வண்டல் சேரச் சேரத் தண்ணீருக்கு இடமில்லாமல் போகிறது. 122 மீற்றர் உயரமான விக்டோரியா அணை 1985இல் திறக்கப்பட்டபோது பழைய தெல்தெனியா டவுனே தண்ணீருக்குள் போனது. அவ்வளவு விலை கொடுத்துக் கட்டிய தேக்கத்தின் அடியில் போய்ப் படுக்கிற மண்ணில் நம்முடைய தேயிலைத் தூரடி மண்ணும் உண்டு. மேல்மண் போனால் உரம் போட்டாலும் கொழுந்து வராது, கொழுந்து வராவிட்டால் பேரும் விழாது. கான்களைத் தூர் வாரி, இடையிடையே மண் தங்கக் குழி விடுவதும், கவ்வாத்து இலை தழையை மலையிலேயே பரப்பி விடுவதும் இதற்காகத்தான். கவ்வாத்துக் குச்சியை எல்லாம் விறகுக்குக் கட்டிக்கொண்டு போகாதே என்று சொல்வது சுலபம். விறகுக்கு வேறு வழி காட்டாமல் அதைச் சொல்வது நியாயமில்லை என்பதும் உண்மை. குச்சியை எடுத்தாலும் இலையையும் சிம்பையும் விட்டுவிட்டுப் போங்கள்.

மகாவலி 335 கிலோமீற்றர் ஓடி, திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவில் கடலோடு சேர்கிறது. அந்த இடத்தில் கடலுக்கு அடியில் ஆழமான ஒரு பள்ளத்தாக்கு இருக்கிறது. நம் மலைப் பள்ளத்தாக்குகளைப் போலவே, ஆனால் தண்ணீருக்குள். உலகத்தில் இப்படிப்பட்ட கடற் பள்ளத்தாக்குகள் வழியாகச் சேற்றுத் தண்ணீர் ஆழ்கடலுக்கு இறங்குகிறது. அதற்கு எவ்வளவு வேகம் வரும் என்பது ஒரு விபத்தில்தான் தெரிந்தது. 1929 நவம்பர் 18ஆம் திகதி கனடாவுக்குக் கிழக்கே கடலில் பூமி அதிர்ந்தது. அதற்குப் பிறகு கடலடியில் போட்டிருந்த 12 தந்திக் கேபிள்கள் அறுந்தன. சில அதிர்ந்த உடனே அறுந்தன. ஆழத்தில் கிடந்தவையோ மேலே இருப்பது முதலில், கீழே இருப்பது பிறகு என்று ஒன்றன்பின் ஒன்றாகப் பல மணித்தியாலம் அறுந்துகொண்டே போயின. சரிவில் இறங்கிய சேற்று வெள்ளம்தான் அறுத்தது என்று 1952இல் விளக்கினார்கள். கேபிள் அறுந்த நேரங்களை வைத்துக் கணக்குப் பார்த்ததில், அது மோட்டார் காரைப் போன்ற வேகத்தில் ஓடியிருந்தது.

அதே சேறு லயத்துக்கு மேலே வந்தால்

கடலுக்குள் தண்ணீருக்கு அடியில் ஓடுகிறபோதே அந்த வேகம் என்றால், திறந்த மலைச்சரிவில் எப்படி இருக்கும்? 2014 அக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் நம் சனங்களின் லயங்களை மண் மூடியதை யாரும் மறக்கவில்லை. 2016 மே 17இல் அரநாயக்கவில் சாமசர மலை சரிந்தது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் கொண்டுவந்த மழையில் கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்கள் பட்ட பாட்டைச் சொல்லத் தேவையில்லை. இதைப் படிக்கிற பல வீடுகளில் அந்தத் துக்கம் இன்னும் ஆறவில்லை.

ஒரு ஏக்கர் மலையில் 100 மில்லிமீற்றர் மழை விழுந்தால், விழுந்த தண்ணீர் மட்டும் நான்கு லட்சம் லீற்றர், அதாவது நானூறு தொன். அதில் ஒரு பங்கு ஓடிவிடும். மிச்சம் மண்ணுக்குள் இறங்கி, அடியில் உள்ள பாறையைத் தொட்டு, மண்ணுக்கும் பாறைக்கும் நடுவில் ஒரு படையாகச் சேரும். மண்ணைத் தூக்கிப் பிடிக்கிற அந்தத் தண்ணீர்ப் படை கூடக் கூட, மேல்மண்ணுக்குப் பிடிமானம் குறையும். ஒரு கட்டத்தில் பிடி விட்டுப்போகும். பிறகு அது மண்ணாக நிற்காது, கல்லையும் மரத்தையும் சேர்த்துக்கொண்டு கஞ்சி மாதிரி ஓடும். தண்ணீரைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு பாரம். அதுவும் பள்ளத்தைத்தான் தேடும். ஓடை, பழைய கான், மலை மடிப்பு. மீற்றர் கணக்கில் உயரமாக வருவதால், சின்ன வளைவையும் மேட்டையும் தாண்டிவிடும்.

ஆகவே தெளிந்த விடிகாலையில் மூட்டம் எந்த மடிப்பு வழியாக இறங்குகிறது, எங்கே தங்குகிறது என்று இரண்டு, மூன்று நாள் பார்த்து வையுங்கள். அது நம் தோட்டத்தின் பள்ளங்களைக் காசு செலவில்லாமல் வரைந்து காட்டுகிறது. மூட்டம் இறங்குகிற மடிப்பின் வாயில் ஒரு லயம் இருந்தால், அடைமழைக் காலத்தில் அந்த லயத்தைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். எல்லாப் பள்ளத்திலும் மண் சரியும் என்று அர்த்தமில்லை. பனி இல்லாத சரிவிலும் மண் சரியலாம். எந்த மலை சரியும் என்று சொல்ல மண்ணையும் பாறையையும் பார்க்கத் தெரிந்தவர்கள் வேண்டும். சரிந்தால் சேறு எந்தப் பக்கம் வரும் என்பதை நாமே ஓரளவு பார்த்துக்கொள்ளலாம்.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரிக்கைக்கு மழை அளவை வைத்திருக்கிறது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் பெய்து மழை விடாவிட்டால் விழிப்பாக இருக்க வேண்டும். 100ஐத் தாண்டினால் வெளியேறத் தயாராக வேண்டும். 150ஐத் தாண்டினால், அல்லது ஒரே மணித்தியாலத்தில் 75 கொட்டினால், வெளியேற வேண்டும். மழை அளக்கிற கருவி பெரும்பாலான தோட்டங்களில் ஸ்டோரிலோ ஆபீசிலோ இருக்கிறது. தினமும் காலையில் அளந்து எழுதுகிறார்கள். அந்த எண் கொழுந்துக் கணக்குக்கு மட்டுமல்ல. மழை நாளில் அது பெரட்டிலும் லயத்திலும் சொல்லப்பட வேண்டும். கேட்டு வாங்குவது நம் உரிமை.

எண்ணுக்குக் காத்திராமல் ஓட வேண்டிய அடையாளங்களும் உண்டு. காம்பராச் சிமெந்துத் தரையிலோ மேல்மலையிலோ புது வெடிப்பு. நேராக நின்ற மரமோ போஸ்டோ சாய்வது. திறந்து மூடிய கதவு திடீரென்று இறுகுவது. இல்லாத இடத்தில் ஊற்று வருவது, அல்லது தெளிவாக வந்த பீலித்தண்ணீர் கலங்கி வருவது. மழை கொட்டும்போது ஓடைத் தண்ணீர் திடீரென்று குறைந்துவிட்டால் சந்தோஷப்படாதீர்கள். மேலே எங்கோ மண் விழுந்து ஓடையை அடைத்திருக்கிறது. உடைத்துக்கொண்டு வந்தால் ஒரேயடியாக வரும். அப்போது ஓடை வழியாகக் கீழே ஓடக்கூடாது. சேறும் அந்த வழியாகத்தான் வரும், நம்மைவிட வேகமாக வரும். பள்ளத்தைக் குறுக்காகக் கடக்காமல், பக்கவாட்டில் மேட்டுப் பக்கம் ஏற வேண்டும். வயசானவர்களையும் பிள்ளைகளையும் யார் தூக்குவது, இருட்டில் எந்தப் படிக்கட்டால் போவது என்பதை வெயில் காலத்திலேயே லயத்தில் பேசி வையுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117, எந்த நேரமும் அழைக்கலாம்.

புது வீட்டுக்குக் காணி அளக்க வருகிறவர்களிடம், அந்த இடத்துக்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் சிபாரிசு வாங்கியாயிற்றா என்று கேளுங்கள். மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் அது கட்டாயம் வேண்டும், கண்டியும் அதில் ஒன்று. "ஆமாங்க, வாங்கியாச்சு" என்றால் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். அத்தோடு ஒரு நாள் விடிய ஐந்தரைக்கு அந்தக் காணிக்கு மேலே ஏறி நின்று, மூட்டம் எங்கே நிற்கிறது என்றும் பார்த்துவிட்டு வாருங்கள்.